டோரதி மிஸ்ஸின் வெள்ளிக்கிழமைப் பீரியட்

2006 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்குச் செய்தி வந்தது. டோரதி மிஸ் இறந்துவிட்டார். தீபிகா போனை வைத்துவிட்டு, அலுவலகக் கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழிய வழிய எதிரிலிருந்த கட்டடங்கள் கரைந்து, பெங்களூர் பிரேசர் டவுன் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த நான்காம் வகுப்பு தெரிந்தது.

இருபத்தாறு வருடம் அந்த ஒரே வகுப்பை எடுத்தவர் மிஸ். சிவாஜிநகரில் பஸ் இறங்கி, வெயிலோ மழையோ, குடை விரித்தபடியே நடந்து வருவார். நோட்டுத் திருத்தும்போது வாய் திறக்காமல் ஏதோ பாட்டு முனகுவார். பேசுவது இங்கிலீஷும் கன்னடமும்தான். கோவாக்காரர் என்று பிள்ளைகள் முடிவு கட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாடம் கிடையாது. ஒரு பிள்ளை எழுந்து தன் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தீபிகாவின் முறை 1992 ஜனவரியில் வந்தது. அவள் தலையில் ஸ்கார்ஃப் இருந்தது. முந்தின மாதம், ஊரில் தமிழர்களைத் தேடி அடித்த காவிரிக் கலவரத்தின்போது விளக்குப் போடாமல் வீட்டுக்குள் கிடந்த நாட்களில், எல்லோரும் முழுசாகப் பிழைத்தால் மகளுக்குத் திருத்தணியில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அப்பா இராஜமாணிக்கம் காலையில் சொல்லி அனுப்பினார்: "யாரு கேட்டாலும் திருப்பதின்னு சொல்லு. திருத்தணின்னா தமிழாளுங்கன்னு தெரிஞ்சிடும். புரியுதா?"

தீபிகா எழுந்து நின்று கன்னடத்தில் சொன்னாள். "திருப்பதி போனோம், மிஸ். மொட்டை போட்டாங்க."

"லட்டு எல்லி?" ஸ்ரீஹர்ஷா துள்ளி எழுந்தான். "திருப்பதி போனவங்க லட்டு இல்லாம வருவாங்களா? மிஸ், இவ புளுகுறா!"

லட்டு எங்கே என்று வகுப்பே கன்னடத்தில் தாளம் போட்டது. தீபிகாவின் காதுக்குள் கடல் இரைந்தது.

மிஸ் அதட்டவில்லை. சேலைக்குள்ளிருந்து சங்கிலியை எடுத்து வெளியே விட்டார். தாலி. அதில் சிறகு விரித்த சின்னப் புறா.

"இது எங்க வீட்டு வழக்கம். தமிழ் சர்ச்சுல கட்டினது," என்றார், தமிழில். அந்த வகுப்பில் தமிழ் கேட்டது அதுவே முதல் தடவை. "பயந்துக்கிட்டுத்தான் உள்ளேயே வெச்சிருந்தேன், கண்ணு."

தீபிகா ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். சந்தனம் மணக்கும் தலையில் காற்று பட்டது.

"திருத்தணி, மிஸ்."

"அங்க லட்டு தர மாட்டாங்களா?" ஸ்ரீஹர்ஷாவுக்கு அதுதான் கவலை. "சரி போ. தலைய ஒருவாட்டி தொட்டுப் பாக்கட்டுமா?"

அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொரு விரலாக, தூறல் விழுவதுபோலத் தலையில் பட்டுப் போயிற்று. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

மாலையில் மிஸ் அவளிடம் ஒரு படிவம் கொடுத்தார். பள்ளியில் சேர்த்தபோது தாய்மொழி கன்னடம் என்று அப்பா எழுதியிருந்தார். அதைத் தமிழ் என்று மாற்ற அப்பாவின் கையெழுத்தும் வேண்டும்.

"அவசரமில்ல. அப்பாவுக்குத் தைரியம் வர்றப்போ குடு."

தீபிகா அதை அட்லஸுக்குள் மடித்து வைத்தாள். பதினான்கு வருடமாக அது அங்கேயேதான்; மிஸ் போட வேண்டிய கையெழுத்து அதில் இருக்கிறது. அப்பாவிடம் அவள் அதை இன்னும் காட்டவில்லை.