காக்கி ஆசை

காவலர் எழுத்துத் தேர்வில் நான் தேறியபோது மூத்தவனுக்கு ஒன்றரை வயது. அடுத்தது விழுப்புரத்தில் ஓட்டத் தேர்வு. விடியற்காலையில் திண்டிவனம் பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவேன். கூலிக்குக் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் முதல் காக்கி நான்தான் என்று கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஓட்டத் தேதி வருவதற்குள் எனக்கு நாள் தள்ளிப்போனது. வயிற்றில் பிள்ளையோடு ஓட விடமாட்டார்கள். இப்போது இது வேண்டாம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

மருந்துக்கடையில் கலைக்கிற மாத்திரை கேட்டேன்.

"டாக்டர் சீட்டு இல்லாம குடுத்தா கேஸாயிடும்மா. இங்க நின்னுக்கினு இருக்காத, போ," என்றார் கடைக்காரர்.

பக்கத்து ஸ்கேன் சென்டர் வாசலில், கரு ஆணா பெண்ணா என்று பார்ப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று பெரிய போர்டு. இரண்டையும் முடிச்சுப் போட்டு, கலைப்பதே குற்றம் என்று நானாக ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன். போலீஸ் ஆகப்போகிறவள் அல்லவா!

என் கணவர் என்னைவிடப் பயந்தார். "உம்மேல கேஸு வுழுந்தா எந்தக் காலத்துலயும் போலீசு வேல கெடைக்காது. அடுத்த தபா ஓடிக்கலாம், வுடு."

வயிறு தெரியும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஓட்ட நாளன்று வீட்டில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டே அழுதேன்.

முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வார்டில் ஒரு நர்ஸிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்த போர்டு ஆம்பளயா பொம்பளயான்னு பாக்கறதுக்கும்மா. வேணாம்னா அப்பவே இங்க வந்திருக்கலாமே, டாக்டருங்களே பாத்திருப்பாங்க. அதுல குத்தம் ஒண்ணும் கெடையாது."

குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த காவலர் தேர்வு அறிவிப்பு வந்தபோது எனக்கு வயது தாண்டிவிட்டது. மகள் என்றால் எனக்கு உயிர். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. அந்த ஆசை மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் பெண் போலீஸ் யாராவது ஏறினால் தொப்பியிலிருந்து ஷூ வரை பார்த்துக்கொண்டே வருவேன்.

போன வாரம் விழுப்புரம் பஸ்ஸில் மகள் என் கையை இழுத்தாள். "ஏம்மா அவங்களையே பாத்துக்கினு வர்ற? உனக்கும் போலீசு ஆவணுமா?"

ஆமாம் என்று வாய் வரை வந்தது. அப்புறம் ஏன் ஆகவில்லை என்று கேட்பாளே. "சும்மாதான்டி," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.