கறுத்த குதிரைவீரன்

என் வீட்டு ஹோலில், ரீவிக்குப் பக்கத்தில், கறுத்துப்போன ஒரு வெள்ளிக்காசு இருக்கிறது. அதில் வாள் தூக்கிய ஒரு குதிரைவீரன். யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், ஆண்ட காலத்து அச்சுத்தான், ஆனால் பழங்காசு இல்லை. இப்போது புதிதாக வெள்ளியில் அடித்து, பழசுபோலத் தெரியக் கறுப்பேற்றி விற்கிறார்கள். இன்றைக்கு எனக்கு மூன்று கடை, இரண்டு வீடு. எட்டாம் வகுப்போடு நின்றவன் செய்தது இவ்வளவும். நானே சொல்லாவிட்டால் ஆர் சொல்லப்போகிறார்கள்? ஆனால் வருகிறவர்கள் கேட்பதென்னவோ அந்தக் காசைப் பற்றித்தான்.

தொண்ணூறுகளில், நாட்டைவிட்டு வந்த புதிதில், மல்வேர்னில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், பேஸ்மென்றில், வாடகைக்கு இருந்தேன். மனைவி பிள்ளைகள் கொழும்பில், ஸ்பொன்சர் சரிவருமட்டும் காத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஒல்லாந்துக்காரர், மனைவி செத்துத் தனித்துப் போனவர். மேலே அவர் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். கீழே என் ரேடியோ அவருக்குக் கேட்கும். இரண்டு பேருக்கும் இருந்த துணை அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு கோப்பிக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பெட்டி நிறைய இந்த மாதிரிக் காசுகள். அவர் குசினிக்குப் போன நேரம், வெள்ளி இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே என்று மனம் கேளாமல், சட்டைப்பையில் கிடந்த றிச்மண்ட் ஹில் கோயில் திருநீற்றைப் போட்டு ஒன்றைத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டேன். அந்தக் கறுப்புக்காகத்தான் வாங்குவார்கள் என்று எனக்கு ஆர் சொன்னது? கோப்பியோடு வந்தவர் அப்படியே நின்றார். பேசப் பழக இருந்த ஒரே மனிசரையும் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் காசை யன்னலடிக்குக் கொண்டுபோய்க் கனநேரம் பார்த்தார்.

“அசல் காசும் உங்கள் நாட்டுக்குக் கப்பலில் ஏற்றின அன்றைக்கு இப்படித்தான் மின்னியிருக்கும்” என்றார்.

எனக்குத் தைரியம் வந்தது. “அப்ப உங்கட ஆக்கள் எங்கட யாழ்ப்பாணத்தில. இப்ப நான் உங்கட பேஸ்மென்றில” என்று தெரிந்த இங்கிலிசில் விட்டேன்.

“ஆனால் நாங்கள் வாடகை தரவில்லையே!” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுக்கு ஒரு காசு தேய்க்கத் தருவார். என் கைக்கு அந்தப் பெட்டி ஒரு பின்னேரத்து வேலை. ஆனால் இரண்டாவதைத் தொட்டால் கையைப் பிடித்துவிடுவார். “அது வாற ஞாயிறுக்கு.” ஏனென்று நான் கேட்கவில்லை. எனக்கும் வாற ஞாயிறு ஒன்று தேவையாக இருந்தது.

கடைசியில் இந்தக் குதிரைவீரன் மட்டும் மிஞ்சினான். அந்தக் கிழமை அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. மிசிசாகாவிலிருந்து வந்த மகள், அப்பா உனக்கென்று எடுத்துவைத்தது என்று காசை என் கையில் தந்தாள். மேலே நடக்கிற சத்தம் நின்றுபோனது. ரேடியோவை நானும் போடவில்லை.

மனைவி இப்போதும் ஏசுவாள். “உந்தக் காசை ஒருக்கா மினுக்கி வையுங்கோவன். திருநீறு இல்லாத வீடே இது?”

“வாற ஞாயிறு பாப்பம்” என்பேன்.