நரைக்கள்ளிக்கு முதல் பரிசு

சூரமங்கலத்தில் நான் கள்ளிச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன் என்ற செய்தி எங்கள் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் கள்ளுச் சங்கம் ஆகிவிட்டது. சந்தையில் யாரோ சொல்லக் கேட்டு, அப்பா கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுப் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி வந்துவிட்டார். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமலேயே கேட்டார்.

"ஏன்டா சாமி, குடிக்கறதுக்கு ஒரு சங்கம் வேற வெச்சிருக்கறீங்களாமா?"

அவரைப் பின்பக்கம் அழைத்துப் போய், வரிசையாக வைத்திருந்த மண்ணெண்ணெய்த் தகரங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு முள்செடி. "கள்ளு இல்லீங்கப்பா, கள்ளி" என்றேன். குடிகாரனாகப் போயிருந்தால்கூட அவருக்கு அத்தனை வருத்தம் இருந்திருக்காது.

"இதுக்குத் தண்ணி வேற ஊத்தறயா?"

"வாரத்துக்கு ஒருக்கா, ஒரு கரண்டிங்கப்பா."

ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார். என் மனைவிக்கு அன்றைக்கு ஏக சந்தோஷம். நான் சொன்னால் கேட்கமாட்டீர்கள், பெற்றவர் சொன்னாலாவது உறைக்கட்டும் என்றாள்.

அப்பா வருத்தப்பட்டதில் நியாயம் இருந்தது. எங்களைக் கெடுத்ததே கள்ளிதான். புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்களுக்கு ஆறு ஏக்கர் காடு உண்டு. காடு என்றால் எங்கள் பக்கத்தில் மழையை நம்பி உழுகிற மேட்டு நிலம். ஆடுமாடு நுழையாமல் இருக்க என் பாட்டனார் அதைச் சுற்றிச் சப்பாத்திக்கள்ளி நட்டாராம். வேலியே பயிரை மேய்ந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வேலி காட்டையே மேய்ந்துவிட்டது. அப்பாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மண்ணை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் வேர் பிடித்தது. கொளுத்தினால் பச்சையாகப் புகைந்து அணைந்தது.

அப்பா அடுத்தவர் காட்டைக் குத்தகைக்கு உழுதார். ஆனால் காடில்லாதவன் என்று ஒருநாளும் தம்மைச் சொல்லிக்கொண்டதில்லை. "காடு இருக்குதுங்க, கள்ளி மூடிக் கெடக்குது" என்பார். முன்பின் தெரியாதவரிடமும் இதைச் சொல்வார். "அடியில இருக்கறது அத்தனையும் செம்மண்ணு. எங்கய்யன் சொல்லியிருக்கறாரு. கள்ளி மட்டும் போச்சுன்னா, கடலக்கா போட்டா மூட்டை புடிக்க ஆளு பத்தாது."

என் தம்பி ஊரோடு இருந்தான். மேட்டூருக்கு அணை வேலைக்குப் போகிறேன் என்று அவன் மூட்டை கட்டும்போதெல்லாம், "கள்ளி போனதும் ஏரோட்டறது யாருடா?" என்று அப்பா அதைப் பிரித்துவிடுவார். அவனுக்குப் பெண் கேட்கப் போன இடத்திலும் செம்மண் கதையைத்தான் சொன்னார். "கள்ளி போகட்டுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றார்கள் பெண் வீட்டார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு எப்படிக் கள்ளிமேல் ஆசை வந்தது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஊரிலே எங்களை மேய்ந்தது இங்கே ஒரு தகரத்துக்குள் அடங்கி நிற்பதைப் பார்ப்பதில் ஒரு அற்பத் திருப்தி இருந்திருக்கலாம். அதோடு, சங்கத்தில் சேருவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எனக்குச் செய்ய வேறொன்றும் இருந்ததில்லை.

சங்கத்தில் நாங்கள் நான்கே பேர். தலைவர் ஒரு ரயில்வே கார்டு, சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்கிற ஆங்கிலோ இந்தியர். ரயிலோடு போகிற ஊரிலெல்லாம் கண்ட முள்ளையும் ஒடித்துப் பெட்டிக்குள் போட்டு வருவார். மற்றவர்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவர், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர், கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவாகிய நான். ஞாயிறுதோறும் கார்டு வீட்டு வராந்தாவில் கூடுவோம். செடி மாற்றி வைப்போம், கன்று மாற்றிக்கொள்வோம், சண்டை போடுவோம். ஒடித்தால் பால் வருகிற கள்ளி கள்ளியே அல்ல, அது வேறு ஜாதி என்று கார்டு அடித்துப் பேசுவார். "பேருலயே கள்ளி இருக்குதுங்களே" என்று டிராயிங் மாஸ்டர் விடமாட்டார். தாவர சாஸ்திரத்துக்கும் தமிழுக்கும் நடந்த அந்த வழக்கு கடைசி வரையில் தீரவில்லை.

சங்கத்தில் முதல் பாடம் மண். கொழுத்த மண்ணில் வைத்தால் கள்ளி ஊதி, அழுகிப் போகும். ஆற்று மணல், செங்கல் பொடி, இஞ்சின் கொட்டிவிட்டுப் போன கசடு, இவற்றைத்தான் கலந்து போடுவோம். "ஒண்ணும் இல்லாத எடம்தான் இதுக்கு சொர்க்கம், மேன்" என்பார் கார்டு. அதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆடு கடிக்கிறதென்று என் தகரங்களைச் சுற்றி நான் மூங்கில் தட்டி கட்டியபோது, "கள்ளிக்கு வேலி ஏன், சுள்ளிக்குக் கோடாலி ஏன்" என்று மனைவி பழமொழி சொன்னாள். பழமொழிக்காரர்கள் கள்ளி வளர்த்துப் பார்த்ததில்லை என்றேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்து, கார்டு வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டுப் பொருட்காட்சி வைப்போம். நாங்களே காட்சிக்கு வைப்போம், நாங்களே பரிசும் கொடுத்துக்கொள்வோம். ரயிலுக்கு நேரமிருந்த நாட்டுப்புறத்தார் சிலர் எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டு, "ஏனுங்க, எங்கூர்ல இது வண்டி வண்டியாக் கெடக்குதுங்க. சொல்லிவுட்டா அள்ளிக் குடுத்திருப்போமே" என்றார். மனதார இரங்கித்தான் சொன்னார்.

அந்த வருஷப் பொருட்காட்சிக்குக் கார்டு மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு புதுச் சப்பாத்திக்கள்ளி கொண்டு வந்தார். மடல் முழுவதும் வெள்ளை வெளேரென்று பஞ்சு. கிழவர் காதில் முளைத்த முடிபோல முள்ளுக்கு முள் அப்படியே சுருண்டு நின்றது. இப்படி ஒரு வகையை நாங்கள் கண்டதேயில்லை. டிராயிங் மாஸ்டர் அங்கேயே நரைக்கள்ளி என்று பெயர் வைத்து, வெள்ளைச் சாயம் தீரத் தீரப் படம் எழுதினார். முதல் பரிசு அதற்குத்தான். பரிசுக்கு வைத்திருந்த பித்தளை டம்ளரைக் கார்டு வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு மடல் ஒடித்துக் கொடுத்தார். அவரவர் மடலை அவரவர் வீட்டில் இருந்ததிலேயே நல்ல இடத்தில், மற்றச் சப்பாத்திகளுக்கு நடுவில் வைத்தோம்.

கொஞ்ச நாளில் பக்கத்துச் செடிகளுக்கும் நரை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்கள் சந்தோஷப்பட்டோம். புதுச் செடியின் ராசி என்று பேசிக்கொண்டோம். பிறகு மடல்கள் மஞ்சளாகித் துவண்டு, ஈரத்துணி மாதிரி தகரத்தின் விளிம்பில் தொங்கின. ஒரு ஞாயிறு கம்பவுண்டர் அந்தப் பஞ்சை விரலால் நசுக்கிப் பார்த்தார். விரல் குங்குமமாகச் சிவந்தது.

"இது முடி இல்லீங்க, பூச்சி" என்றார். "நாம பூச்சிக்குப் பரிசு குடுத்திருக்கறோம்."

கம்பவுண்டர் புகையிலைத் தண்ணீர் காய்ச்சிப் பிரஷ்ஷால் துடைத்துத் துடைத்துத் தம்முடைய சப்பாத்தி ஒன்றை மட்டும் காப்பாற்றினார். மற்றதெல்லாம் போயிற்று. தெற்கே கள்ளியை ஒழிக்க இந்தப் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாம், கள்ளிக் காடுகள் அப்படியே விழுந்து கிடக்கின்றனவாம் என்று கார்டு ரயில் லைனில் கேட்டு வந்து சொன்னார். மூன்று பேரும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ உள்ளே கல்யாண மேளம் கேட்டது. எங்கள் ஆறு ஏக்கர்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

செத்த செடிகளைப் பூச்சியோடு தரமுடியுமா என்று கேட்டு, எதற்கென்றும் சொன்னேன். டிராயிங் மாஸ்டர் வீட்டுக்குப் போய்த் தம்முடையதை எல்லாம் கூடையில் எடுத்து வந்தார். "எடுத்துக்கோ மேன், செத்தும் குடுத்ததா இருக்கட்டும்" என்றார் கார்டு.

பஸ்ஸின் கூரையில் கூடையை ஏற்றி ஊர் போய்ச் சேர்ந்தேன். கள்ளிக்காட்டுக்குக் கள்ளி கொண்டுவந்த என்னை, கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவனைப் பார்ப்பதுபோல் அப்பா பார்த்தார். பஞ்சை நசுக்கிச் சிவப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் அவரே கூடையை வாங்கிக்கொண்டார். முள் குத்துவதைப் பாராமல் மடல்களை ஒவ்வொன்றாக எடுத்து, காட்டின் நான்கு பக்கமும் கை எட்டிய இடத்திலெல்லாம் சொருகினார். பிறகு தினமும் விடிந்ததும் போய்ப் பார்த்து வந்தார். "நம்மாளுங்க அந்த மூலை மொடக்கு வரைக்கும் போயிட்டாங்க" என்று பூச்சிகளை மரியாதையாகச் சொல்வார். சங்கத்தின்மேலும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. கார்டுக்கென்று ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார்.

அடுத்த கோடைக்குள் ஆறு ஏக்கரும் மஞ்சளித்துச் சரிந்தது. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தது. காய்ந்ததும் கொளுத்தினோம், இந்தத் தடவை நன்றாகவே எரிந்தது. பெண் வீட்டிலிருந்து தாமாகவே ஆள் அனுப்பினார்கள். முதல் மழை பெய்து சாம்பல் அமுங்கியதும், நல்ல நாள் பார்த்து, அப்பா ஏர் பூட்டினார். நான் லீவு போட்டுப் போயிருந்தேன். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, தம்பி மேழியைப் பிடித்தான்.

ஏர்க்கொழு கல்லில் உரசியது. அப்பா ஏரைத் தூக்கித் தள்ளி வைக்கச் சொன்னார். அங்கேயும் உரசியது. நடுக்காட்டுக்குப் போனார்கள், கீழ்க் கோடிக்குப் போனார்கள். கடைசியில் அப்பா மண்வெட்டியை எடுத்துச் சாம்பலைச் சுரண்டிக்கொண்டே போனார். எங்கு பார்த்தாலும் வெளுத்த சுக்கான் பாறை. அதன் வெடிப்புகளில் கைப்பிடி கைப்பிடியாகக் கொஞ்சம் செம்மண். அந்த வெடிப்புகளில்தான் இத்தனை காலமும் கள்ளி கால் ஊன்றி நின்றிருக்கிறது. பாட்டனார் சொன்ன மண் மழையோடு போயிருக்கலாம். இருந்ததேயில்லை என்றும் இருக்கலாம்.

ஒன்றுமில்லாத இடம்தான் அதற்குச் சொர்க்கம். வாரா வாரம் ஓதிய பாடத்தை நான் தகரத்துக்கு வெளியே ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அப்பா பாறைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தது. ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். தம்பி மாடுகளை அவிழ்த்து, இரவல் கொடுத்தவர் வீட்டுக்கு ஓட்டிப் போனான்.

பெண் வீட்டிலிருந்து பிறகு யாரும் வரவில்லை. தம்பி மேட்டூருக்குக் கிளம்பினான். இந்தத் தடவை மூட்டையைக் கட்டிக் கொடுத்தது அப்பா. அதற்குப் பிறகு காடு இருக்குதுங்க என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சந்தையில் யாராவது, "கள்ளி போயிருச்சாமே, என்னங்க போட்டிருக்கறீங்க?" என்று கேட்டால், காது கேளாதவர்போல் நகர்ந்துவிடுவாராம்.

சங்கமும் அதோடு நொடித்துவிட்டது. கார்டுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. டிராயிங் மாஸ்டர் ரோஜாவுக்குப் போய்விட்டார்.

ஒருநாள் அப்பா மறுபடியும் என் வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தார். அவள் உள்ளே போன பிறகு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உங்க சங்கத்துல ஒரு கண்டு மிச்சமிருக்குதா சாமி?"

"எந்தக் கண்டுங்கப்பா?"

"கள்ளிதான். நம்ம காட்டுல இருந்த கள்ளி."

"எதுக்குங்கப்பா?"

"மூடிக்கட்டும்" என்றார். "மூடிக் கெடந்தாத் தேவலை."

பூச்சி இன்னும் ஊர் முழுக்க இருக்கிறது, வைத்தாலும் வராது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கம்பவுண்டரிடம் போய்க் கேட்டேன். அந்த ஒற்றைச் செடியிலிருந்து பெரிய மடலாகப் பார்த்து ஒடித்து, துடைத்துக் கொடுத்தார். எங்கே வைக்கப் போகிறோம் என்று கேட்காமல் இருந்தது அவர் பெரிய மனசு.

நடுக்காட்டில், பாறை வெடிப்பில் அப்பா அதை நட்டார். அடுத்தவர் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். இதற்கு ஒரு கரண்டி போதுமென்று நான் சொல்லவில்லை.

மறுமுறை நான் ஊருக்குப் போனபோது மடலில் நரை கண்டிருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் ஒவ்வொரு பஞ்சாகத் துடைத்துக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் சிவந்திருந்தன.

"போகுதுங்களாப்பா?"

"போகுது. மறுக்கா வருது."

அதற்கடுத்து நான் போனபோது வீட்டில் ஆளில்லை. காட்டுக்குப் போனேன். பாறை வெயிலில் பளபளத்துக் கிடந்தது. செடி இல்லை, அது நின்ற வெடிப்பு மட்டும் இருந்தது. பக்கத்தில் குடம் இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெடிப்பில் மண் ஈரமாக இருந்தது.