சொல்லிக்கொண்டு போனவள்

செல்வதாஸை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி, கட்டன் சாயா கைமாறத் தொடங்கியபோது அவருடைய மனைவி நேசம்மாளிடம் மிஞ்சியிருந்தது கோபம் மட்டும்தான். அழுகை காலையிலேயே தீர்ந்துவிட்டது. கால்மூட்டு தேய்ந்துபோனதால் வாக்கர் இல்லாமல் எழுந்திருக்க முடியாது. யாரோ அந்த வாக்கரையும் நாற்காலிகள் போடுவதற்காக நகர்த்தி வைத்துவிட்டார்கள். அதனால் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கேட்கவேண்டியிருந்தது.

பேசிக்கொண்டிருந்தவள் ரோஸ்லெட், செல்வதாஸின் தங்கை.

"மைனி, நான் சொல்லுகதுல வருத்தப்படப்பிடாது. எத்தன துஷ்டி வீடு கண்டவ நான். மூணு வருஷம் ஒருத்தருக்க பீயும் மூத்திரமும் எடுத்தவளுக்கு, அவரு செத்தா ஒரு துளி கண்ணீரு வராதா? கல்லுக்குக்கூட வேர்க்கும்."

"அவளுக்கு வராது" என்றாள் நேசம்மாள்.

"அதத்தான் நானும் சொல்லுகேன்."

'அவள்' என்று சொல்லப்பட்டவள் ஷைஜா. செல்வதாஸுக்கு ஒரு பக்கம் விழுந்துபோனதிலிருந்து இந்த வீட்டில் பார்த்துக்கொள்ள வந்தவள். அருமனைப் பக்கம் வீடு. அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் திமிர்க்காரி என்று பெயர். டீச்சர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னதால். பிறகு ஒரு துணிக்கடை. "இந்தக் கலரு எனக்குச் சேருமா?" என்று கேட்ட அம்மாளிடம் "சேராது" என்று சொன்னாள், வேலை போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் "பையனப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். "இப்பதான கண்டேன், எப்படித் தெரியும்?" என்றாள். அவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். வீட்டு நர்ஸ் வேலைக்குப் படிக்கும்போது அங்கே வகுப்பெடுத்த டாக்டர் ஒருவர்தான் சந்தேகப்பட்டு நாகர்கோவிலுக்கு அனுப்பினார். ஆட்டிசம் என்றார்கள். அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு.

வேலைக்கு வந்த அன்றே வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "எனக்கு ஆட்டிசம் உண்டு. முகத்தப் பாத்துப் பேசமாட்டேன். பெரிய சத்தம் ஆகாது. வேண்டியத வாயால சொன்னா செய்வேன். சொல்லாம மனசுல வச்சிருந்தா எனக்குத் தெரியாது."

கட்டிலில் கிடந்த செல்வதாஸ், கோணிய வாயால் சிரித்தார். "நமக்கும் இனி அதான் நல்லது, நேசம்."

அவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சுகமாகிவிடும், மறுபடியும் வண்டி எடுப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருநாள் அவர் ஷைஜாவிடம் கேட்டார். நடக்கமுடியாது, ஆனால் இடது கையால் சாப்பிடப் பழகலாம் என்றாள் அவள். அன்றைக்கு ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார். அவர் அவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "சொல்லாம போவாத மக்கா. கெடக்கவனுக்கு ஆளு போனது தெரியாம இருந்தா பயமாருக்கும்." அதற்குப் பிறகு அவள் ஒருநாள்கூட, அவர் தூங்கிக்கொண்டிருந்தால்கூட, சொல்லாமல் இறங்கியதில்லை.

முந்தாநாள் விடியற்காலையில் அவர் மூச்சு நின்றபோது ஷைஜா கண்ணை மூடிவிட்டாள், தாடையைக் கட்டினாள், டியூபை எடுத்தாள், வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்தாள். பிறகு நேசம்மாளிடம் வந்து, "ஒங்களுக்கு இன்சுலின் ஊசி போட்டாச்சு. சாப்பிடாம இருந்தா சுகர் கீழ போவும்" என்று இட்லித் தட்டை நீட்டினாள். நேசம்மாள் சாப்பிட்டாள். முதலில் ஓடிவந்த ரோஸ்லெட் கண்டது அதைத்தான்: கட்டிலில் பிணம், பக்கத்தில் இட்லி. பொழுது ஏறுவதற்குள் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"பின்ன அவ எங்க போனா தெரியுமா?" ரோஸ்லெட் இப்போது பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பினாள். "பெட்டி எடுக்க நேரம். இங்க ஒரே கூப்பாடு. அவ பின்னால ரப்பர் ஷீட்டு உணக்குற புரையில போயி இருந்து பாட்டுப் பாடுகா. ஆடி ஆடி."

அந்தக் கொட்டகையில் கேட்டது பாட்டில்லை. காதைப் பொத்திக்கொண்டு, ஒரே சுரத்தில் முனகுவது. செல்வதாஸுக்கு வலிப்பு வந்த அன்று, ஆம்புலன்ஸ் போனதும், அவள் கிணற்றடியில் உட்கார்ந்து அப்படித்தான் முனகினாள். தாங்கமுடியாதபோது அவளுக்கு வருவது அதுதான். மற்றவர்களுக்குக் கண்ணில் வருவது அவளுக்குத் தொண்டையில் வருகிறது. இதை இவர்களுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் கேட்டுவிட்டு, வெளியே போய் "பாவம், கெழவிக்கு மனசு சரியில்ல" என்பார்கள். நேசம்மாள் சாயாவைக் கீழே வைத்தாள்.

மகன் எபிசன் வந்து பக்கத்தில் குனிந்தான். கத்தாரிலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தான்.

"அம்மா, வேற ஒரு பிள்ளைக்குச் சொல்லியிருக்கேன். நாளைக்கு வரும். நல்ல கலகலப்பா பேசுமாம்."

"எதுக்கு?"

"ஊரே பேசுகு. ஒரு ஈரமில்லாதவ கையில ஒங்கள விட்டுட்டு எனக்கு அங்க எப்படி நிம்மதியா இருக்க முடியும்?"

நேசம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஈரம் இதற்குக் காரணமில்லை. நேற்று அவன் வந்து சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதபோது, கூடத்தில் நிறைய ஆட்கள். அவன் தலையை நிமிர்த்தி, "அப்பா கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஷைஜாவுக்குத் தெரியாது. கேட்டான், சொன்னாள்.

"எபிசன் போன் எடுத்தானான்னு கேட்டாரு. எடுக்கல்லன்னு சொன்னேன். பின்ன ஒண்ணும் பேசல்ல."

கூடம் அப்படியே அடங்கிப்போயிற்று. அந்த அமைதிக்குத்தான் இந்தத் தண்டனை. அழாததற்கு அல்ல.

"அவ பொய் சொன்னாளா?" என்று கேட்டாள் நேசம்மாள்.

"அம்மா, மெதுவா."

"ஒண்ணு கேக்கேன், சொல்லு. பொய் சொன்னாளா?"

எபிசன் நிமிர்ந்து, மனைவி ரெனிஷாவைப் பார்த்தான். ரெனிஷா அடுக்களை வாசலுக்குப் போனாள். ஷைஜா அங்கே செல்வதாஸின் பீங்கான் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே கழுவிய கோப்பை. ரெனிஷாவின் குரல் இனிமையாக இருந்தது.

"ஷைஜா, நீ ரொம்ப அலஞ்சுட்டே. வீட்டுக்குப் போயி இரி. பொறவு நாங்க கூப்பிடுகோம்."

"எப்ப?"

"கூப்பிடுவோம், பிள்ள."

"காலையில அம்மாவுக்கு ஊசி உண்டு. அதுக்கு முன்ன கூப்பிடுவியளா?"

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துஷ்டி வீட்டில் சிரிப்பதற்கு அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஊசிய நாங்க பாத்துக்கிடுகோம்" என்றாள் ரெனிஷா.

ஷைஜா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். பையை எடுத்தாள். வரும் வழியில் சுவரோரம் ஒதுங்கிக்கிடந்த வாக்கரைக் கண்டதும் அதை எடுத்துவந்து நேசம்மாளின் கைக்கு எட்டும்படி வைத்தாள். வாசல்படிக்குப் போய், திரும்பி, நேசம்மாளின் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, போயிட்டு வாறேன்."

கூடத்தில் இருந்தவர்களுக்கு உடம்பு விதிர்த்தது. துஷ்டி வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. சத்தமில்லாமல் எழுந்து நடக்கவேண்டும். வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று பொருள். பாட்டன்மார் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பங்கள்தாம் எல்லாம்; ஆனால் இந்த ஒன்றை மட்டும் யாரும் விட்டதில்லை.

"ஏட்டி" என்று எழுந்துவிட்டாள் ரோஸ்லெட். "என்ன வார்த்த சொல்லுக? அடுத்தது யாருக்குச் சொல்லுக? இங்க இருக்கவளுக்கா?"

ஷைஜாவின் கைகள் காதுக்குப் போயின.

"ரோஸ்லெட், இரி" என்றாள் நேசம்மாள்.

"மைனி, அவ ஒங்களப் பாத்து..."

"இரின்னேன். சாவக் கூட்டிக்கொண்டு வருக வாயா அது? போதகரு உயிர்த்தெழுதலப் பத்திப் பேசிட்டு இப்பதான் இறங்கிப் போனாரு. அவருக்க செருப்புத் தடம்கூட முற்றத்துல அழியல்ல. நீ ஒரு வார்த்தைக்குப் பயந்து சாவுக. மூணு வருஷத்துல ஒனக்க அண்ணனப் பாக்க எத்தன மட்டம் வந்தே? வாறேன் வாறேன்னு போன்ல சொல்லுவியே, அப்ப இந்தப் பயம் எங்க போச்சு?" மூச்சு வாங்கியது. வாக்கரைப் பிடித்து எழுந்தாள். பிடிக்க வந்த எபிசனின் கையைத் தட்டிவிட்டாள். "நீயும் கேளு. நீ ஏற்பாடு பண்ணுக பிள்ள கலகலப்பா பேசும். நாளைக்கு நான் கெடக்கும்போ, மகன் வந்துகிட்டே இருக்கான்னு எனக்குச் சொல்லும். எனக்கு அது வேண்டாம். வரல்லேன்னா வரல்லேன்னு சொல்லுகவ போதும்."

நேசம்மாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல்படி வரை போனாள். முகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. அவளும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"போயிட்டு வா, மக்கா. காலையில ஊசிக்கு முன்ன வந்திரு."

காதிலிருந்த கைகள் மெதுவாக இறங்கின. "ரெனிஷா அக்கா கூப்பிட்டாத்தானே?"

"நான் கூப்பிடுகேன். இப்ப கூப்பிட்டாச்சு."

"செரி" என்று இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் ரோஸ்லெட் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். எவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் முற்றத்தைக் கடந்து போனாள். வழக்கம் அதுதான்.