பசுவுக்கு முதுகு கொடுத்தவர்

எழுபதுகளில் நான் சித்தூர் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. மழை பொய்த்த ஒரு வருஷம், விலைபோகாத மாடுகளைச் சொந்தக்காரர்கள் சந்தையிலேயே விட்டுப் போனார்கள். கடைக்காரர்களும் கோயில்காரர்களும் சர்ச்சுக்காரர்களும் சேர்ந்து அவற்றுக்காகப் போட்டது அது. பிறகு நொண்டி நாய், குருட்டுக் கழுதை என்று எது வந்தாலும் அவர்கள் திருப்பி அனுப்பியதில்லை.

அங்கே காவலுக்கு இருந்தவரின் பெயரை நான் கேட்டதேயில்லை. குச்சி போல ஒல்லியான மனிதர். ஒருநாள், விழுந்துவிட்ட கிழப்பசு ஒன்றுக்கு ஊசி போடப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து அதன் விலாவுக்குத் தன் முதுகை முட்டுக் கொடுத்திருந்தார். விழுந்த மாடு பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு உப்பிச் செத்துவிடும்.

“முட்டுக்கு வைக்கோல் மூட்டை வைக்கலாமே?” என்றேன்.

“வெச்சேன் சார். தள்ளிட்டு சாயுது. ஆளு சூடு இருந்தா அடங்கிக்கினு இருக்குது.”

“இது எழுந்துக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே.”

“அது அவருக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதில்ல சார்.”

மறுநாளும் அப்படியேதான் இருந்தார். களியைக்கூட அங்கேயே தின்றார். மூன்றாம் நாள் காலை நான் போனபோது பசு நடுங்கியபடி நான்கு காலில் நின்றது. அவரால்தான் எழ முடியவில்லை. கால்கள் மரத்துப் போயிருந்தன. நானும் புல் போட வந்த கடைக்காரரும் அவரைத் தாங்கித் தூக்கினோம்.

நின்றதும் அவர் பசுவைத்தான் பார்த்தார். “தண்ணி காட்டினீங்களா சார்?”

நான் காட்டியிருக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் உத்தியோகத்தில் எந்த டாக்டர் சொல்லியும் அப்படி ஓடியதில்லை.