தாண்டாமல் வரைந்த கோடு

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சே வராது. போரைப் பற்றியும் அதில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றியும் எழுத விவரம் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கடையில் பார்சல் சுற்றும் பழுப்புக் காகிதத்தை எப்போது பார்த்தாலும், அதன்மேல் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த, என்னோடு வேலை பார்த்த அக்காவின் முகம் எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. எழுதி முடித்ததை அவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார். தன் பெயரையும் தன்னைச் சண்டைக்குக் கூட்டிப்போனவர்கள் எந்தப் பக்கம் என்பதையும் போட வேண்டாம் என்றார். "அது வேற கதை. அதை எழுத நிறையப் பேர் இருக்கினம்" என்றார்.

அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி, அவர் இலங்கையிலிருந்து வந்தவர். யார் மூத்தவர் என்று கேட்டுக்கொள்ளாமலே அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அக்கா என்பேன். கைக்குழந்தைகள் அறை அவருடையது. யாரிடமும் அடங்காமல் அழும் குழந்தை அவர் தோளுக்குப் போனால் தூங்கிவிடும். பதினைந்து வயதில் அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து சண்டைக்குக் கூட்டிப்போனார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு நாள், பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில ஒரு வகுப்பு. சின்ன வயசில சண்டைக்குப் போன ஆக்களுக்கு. படம் கீறிறது, நடிக்கிறது. எனக்கு ஹைவேயில கார் ஓடப் பயம். கொண்டுபோய் விடுவீங்களோ?" என்று கேட்டார். சண்டைக்குப் போன ஆட்கள் என்பதில் அவரும் சேர்த்தி என்று புரியவே எனக்கு இரண்டு புட்டி கழுவும் நேரம் ஆயிற்று. புரிந்த பிறகும் சரியென்று தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

வகுப்பு ஒரு சர்ச்சின் பேஸ்மென்டில் நடந்தது. "நான் வண்டிலயே உக்காந்துக்கறனுங்க்கா" என்று சொல்லிப் பார்த்தேன். "உள்ளுக்கு வாங்கோ, விறைச்சுப் போவீங்கள்" என்று இழுத்துப் போனார். உள்ளே ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த மூன்று ஆண்களும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். நடத்தியவர் ஒரு நாடக டீச்சர். உயரமான பெண்மணி, சிரித்தால் அறையே அதிரும். அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. வேடிக்கை பார்ப்பவர் என்று அந்த அறையில் யாரும் கிடையாது. கதவைத் தாண்டி வந்தால் எல்லோரும் செய்ய வேண்டும். என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இதிலிருந்து தப்பிக்கத் தெரியாமல் நானும் சேர்ந்துவிட்டேன். ஒருவர் ஆள் நீளப் பழுப்புக் காகிதத்தில் படுக்க, இன்னொருவர் உடம்பைச் சுற்றிக் கோடு போட வேண்டும். பிறகு படுத்தவர் எழுந்து, அந்த உருவத்துக்குள் தன் வாழ்க்கையில் எதை வேண்டுமானாலும் வரையலாம், வண்ணம் தீட்டலாம். அடுத்தவர் அந்தப் படத்தைப் பார்த்து, தனக்கு என்ன தெரிகிறதோ அதைக் கதையாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் வரைந்தவர் திருத்துவார். கேள்வி கேட்கலாம், ஆனால் படத்தைப் பற்றி மட்டும், ஆளைப் பற்றிக் கூடாது. வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், "படுக்கறதுக்காடி இத்தனை தூரம் போற? நம்ம வூட்லயே பாய் இருக்குதே" என்றார்.

முதலில் அக்கா படுத்தார். நான் கிரேயானை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் முடித்தேன். மறு பக்கத்துக்கு அப்படியே ஒரு காலைத் தூக்கி வைத்தால் போதும். எனக்குக் கால் வரவில்லை. எழுந்து, தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கால்களுக்கு நடுவே கோடு போட மறுபடி சுற்றிக்கொண்டு வந்தேன். டீச்சர் எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, எப்படித் தாண்டுவது என்று தானே செய்து காட்டக் காலைத் தூக்கினார். "ஐயோ, வேண்டாங்க!" என்று தமிழில் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. படுத்தபடியே டீச்சரிடம் ஆங்கிலத்தில் விளக்கினார்: எங்கள் ஆட்கள் படுத்திருப்பவரைத் தாண்ட மாட்டார்கள், தாண்டினால் அவர் வளர மாட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாப்பது வயசுக்குப் பிறகு நான் இன்னும் எவ்வளவு வளரப் போறன் எண்டு நினைக்கிறீங்கள்?" என்றார். "தெரியுதுங்க்கா. ஆனா காலு வரமாட்டேங்குதே. அப்படியே தெரியாமத் தாண்டிட்டாலும் திரும்ப ஒருக்காத் தாண்டி வந்துட்டாச் சரியாப் போயிடும்னு எங்கம்மா சொல்லும்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நான் ஒருத்தியைத் தாண்டிப் போனனான். என்ர வகுப்புப் பிள்ளை. ஓடு ஓடு எண்டு கத்தினாங்கள், வயல் வரம்பில குறுக்கால கிடந்தாள். எழும்பி வருவாள் எண்டு நினைச்சுத் தாண்டினனான். திரும்பிப் போக விடேல்ல." நான் கையில் கிரேயானோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மிச்சக் கோட்டையும் சுற்றிச் சுற்றி வந்தே முடித்தேன். அவரும் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர் அந்த உருவத்துக்கு மெல்ல மெல்ல நிறம் கொடுத்தார். தொடையில் நீளமாக ஒரு சிவப்புத் தழும்பு. பாதத்துக்குக் கீழே, பச்சை வயலில், குறுக்காகப் படுத்த ஒரு சின்ன உருவம். அதற்கு முகம் வரையவில்லை. கடைசி வாரம் எல்லோருடைய வீட்டு மனிதர்களையும் அழைப்பது என்று முடிவானது. வேண்டாம் என்பவர்கள் கடைசி நிமிடத்தில்கூடத் தங்கள் காகிதத்தைச் சுருட்டிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்றார் டீச்சர். அக்காவுக்குப் பதினான்கு வயதில் ஒரு மகள். கணவர் இல்லை, அவர்கள் இரண்டு பேர்தான். தொடைத் தழும்பு சைக்கிளிலிருந்து விழுந்தது என்றுதான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லி வைத்திருந்தார். காரில் வரும்போது ஒரு நாள், "சொல்லாமலே இருந்தா நான் அவளுக்கு அம்மாவா மட்டும் இருப்பன். சொன்னா, அவள் என்னை ஆரெண்டு பார்ப்பாள்?" என்றார். அழைப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள். மகள் பின் சீட்டில் ஏறி, "ஹவ் லாங் இஸ் திஸ் திங், மா?" என்று கேட்டுவிட்டுப் போனுக்குள் போய்விட்டாள். பேஸ்மென்டில் காகிதங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எதிலும் பெயர் கிடையாது. தன் காகிதத்தின் மேல் முனையில் அக்காவின் விரல்கள் இருந்தன. இழுத்தால் வந்துவிடும். அதற்குள் அந்தப் பெண், வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், எதிரில் வந்து நின்றுவிட்டாள். தொடையைப் பார்த்தாள். "தட்ஸ் யூ" என்றாள்.

அக்கா கையை எடுத்துவிட்டார். டீச்சர் வழக்கம்போல, என்ன தெரிகிறதோ சொல்லு என்றார். மகள் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: இது என் அம்மா, சின்னப் பெண்ணாக இருக்கிறாள், ஓடுகிறாள், கீழே யாரோ தூங்குகிறார்கள். "நித்திரை இல்லை" என்று அக்கா தமிழில் திருத்தினார். அந்தப் பெண் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. "அவவுக்கு எத்தனை வயசு?" என்றாள். "பதினைஞ்சு. எனக்கும் பதினைஞ்சு." அவள் சுவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, கார் கீ?" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். படியேறிப் போய்விட்டாள்.

அக்கா அவள் பின்னால் போகவில்லை. சுவரோடு நின்றார். அவர் தோள்கள் நடுங்குவதை நான் பார்த்தேன். குளிரா வேறு எதுவா என்று தெரியவில்லை. "போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா?" என்றேன். "விடுங்கோ. அவளுக்குக் கொஞ்ச நேரம் தனிய இருக்க வேணும்" என்றார். மற்றவர்களுடைய கதைகள் நடந்துகொண்டிருந்தன. என் காதில் ஒன்றும் ஏறவில்லை. படியில் காலடி கேட்டபோது மகள் காரில் கிடந்த அம்மாவின் ஜாக்கெட்டோடு இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள், முன்மயிர் ஈரமாக இருந்தது. "யூ ஆர் ஷிவரிங், மா" என்று சொல்லி அதை அவர் தோளில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அந்த நேரம் ஆண்களில் ஒருவருடைய மனைவி படத்தின் முன் வந்தார். பார்த்துவிட்டு, கீழே யாரோ தூங்குகிறார்கள் என்று ஆரம்பித்தார். அக்கா வாயைத் திறப்பதற்கு முன், "நாட் ஸ்லீப்பிங்" என்றாள் மகள்.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அக்காவும் வேலைக்கு வரவில்லை. இருவரும் மத்தியானம் வரை தூங்கினார்களாம். கைக்குழந்தைகள் அறையை அன்று நான் பார்த்துக்கொண்டேன்.