வேலியடித் தேங்காய்ப்பூ

கொச்சிக்காய்ப் பாத்தியில் மிளகாய்ப் பிஞ்சுவரை எறும்பு ஏறியிருந்தது. மஞ்சள்தூளைத் தூவினேன், ஈர மண்ணிலிருந்து அந்தப் பழைய வாசம் எழும்பியது.

உம்மாவும் மஞ்சளைச் சாம்பலோடு கலந்து இப்படித்தான் தூவுவா. வாப்பாவோ, "விரட்டினாப் போதும், கொல்லப்படா" என்று, துருவிப் பால் பிழிந்த தேங்காய்ப்பூவை வேலியடியில் வைத்து எறும்புகளை அங்கே இழுப்பார். ஒருநாள் காலை அடுத்த வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வாப்பாவை அண்ணன் முறையில் கூப்பிட்டா.

"காக்கா, உங்கட எறும்பெல்லாம் எங்கட கத்தரிக்குள்ள இரிக்கி."

வாப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. மாமி சண்டை பிடிக்கவில்லை. மறுநாள் வேலியின் எங்கள் பக்கத்தில் அவ வைத்த தேங்காய்ப்பூ இருந்தது. எறும்புகள் திரும்பி வந்தன. பல வருசம் அவை இப்படியே போய் வந்தன.

உம்மாவும் வாப்பாவும் இப்போது இல்லை. தேங்காய்ப்பூவோடு நான் வேலியடிக்குப் போனேன்.

"மஞ்சள் மணக்குது," அப்பாலிருந்து மாமியின் தளர்ந்த குரல். "தேங்காய்ப்பூவ உன்ட பக்கமே வை, புள்ள. எறும்பத் திருப்பி அனுப்ப இப்ப எனக்கு ஏலா."